விரல் மைக்கும் வாக்கு எண்ணிக்கைக்கும் இடையே

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 19 ஒரு வெள்ளிக்கிழமை. ஈதுல் பித்ர் பெருநாள் முடிந்து எட்டு நாள்கள்தாம் ஆகியிருந்தன. தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளுக்கும் அன்று ஒரே நாளில் வாக்குப்பதிவு. ஆரணித் தொகுதிக்குள் அடங்கிய நம் செஞ்சியில் பலரும் காலையிலேயே வரிசையில் நின்று வாக்களித்துவிட்டு ஜும்ஆவுக்கு வந்து சேர்ந்தனர். அன்று விரலில் இட்ட மை தோலில் மங்கிய பின்பும், நகத்தில் எஞ்சிய கோடு வளர்ந்து மேலேறிய பின்பும் முடிவு வரவில்லை. நாட்டின் ஏனைய பகுதிகளில் ஏழு கட்டங்களாகத் தேர்தல் நடந்து, ஜூன் 4ஆம் நாள்தான் வாக்குகள் எண்ணப்பட்டன. இடையில் 46 நாள்கள்.

அந்த நாள்களை நாம் எவ்வாறு கழித்தோம் என்று எண்ணிப் பார்ப்பது, சட்டமன்றத் தேர்தல் வாசலுக்கு வந்துவிட்ட இவ்வேளையில் பயன் தரும். தேர்தல் எல்லாருக்கும் பரபரப்பானதே. நமக்கோ அது பரபரப்போடு நின்றுவிடுவதில்லை. 2024இல் ரமலான் தொடங்கும் தறுவாயில், மார்ச் 11 அன்று, குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் விதிகள் அறிவிக்கப்பட்டன. ஐந்து நாள் கழித்துத் தேர்தல் அட்டவணை வந்தது. நோன்பு முழுவதும் பரப்புரையாகவே கழிந்தது. நாம் வாக்களித்த இரண்டாம் நாள், ராஜஸ்தானின் பான்ஸ்வாராவில் பிரதமர் ஆற்றிய உரையில் ஊடுருவியவர்கள் என்றும், அதிகப் பிள்ளை பெறுபவர்கள் என்றும் சொற்கள் வந்தன. முஸ்லிம்களைக் குறித்துத் தாம் அவ்வாறு பேசவில்லை என்று பின்னர் அவர் விளக்கம் தந்தார். ஆயினும் அந்தக் காணொளி நம் வீட்டுக் கைப்பேசிகளை வந்தடைந்தபோது விளக்கம் அதனுடன் வரவில்லை. வாக்கையும் செலுத்தியாகிவிட்டது, இனிச் செய்வதற்குக் கையில் ஒன்றும் இல்லை. அச்சம் வந்து குடியேற அதைவிட வசதியான இடம் ஏது?

சுப்ஹுக்கு எழுந்ததும் கை முதலில் தேடியது கைப்பேசியை. இஷாவுக்குப் பின் உறக்கம் வரும் வரை கையில் இருந்ததும் அதுவே. ஜூன் 1 மாலை கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்ததும் தொலைக்காட்சிகளில் கணிப்புகள் வரிசை கட்டின. பெரும்பாலானவை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கும் மேல் கொடுத்தன. 400 வரை ஏற்றியவையும் உண்டு. அடுத்த மூன்று இரவுகள் நம் வீடுகளில் எத்தனை பேர் உறங்கினார்கள் என்பதை அவரவரே அறிவர். எண்ணி முடித்தபோது அக்கூட்டணிக்குக் கிடைத்தவை 293. பாரதிய ஜனதா கட்சிக்குத் தனியாக 240. கணிப்பைக் கேட்டு இனிப்பு வாங்கி வைத்தவரும் சரி, கணிப்பைக் கேட்டு உணவு இறங்காமல் கிடந்தவரும் சரி, நடக்காத ஒன்றுக்காகவே அவற்றைச் செய்தனர். யார் வென்றது நல்லது என்ற விவாதத்தை இங்கே நாம் எடுக்கவில்லை. அந்த மூன்று இரவுகளைத்தான் சொல்கிறோம். அவை திரும்பக் கிடைக்கப் போவதில்லை.

இது நமக்கு மட்டும் நேர்வதன்று. அமெரிக்க உளவியல் சங்கம் அந்நாட்டு மக்களிடம் மன அழுத்தம் குறித்து ஆண்டுதோறும் ஆய்வு நடத்துகிறது. அதிபர் தேர்தல் தமக்குப் பெரும் மன அழுத்தம் தருவதாகச் சொன்னவர்கள் 2016இல் 52 விழுக்காடு, 2020இல் 68 விழுக்காடு, 2024இல் 69 விழுக்காடு. வளமும் வலிமையும் கொண்ட நாட்டில் மூவரில் இருவருக்கு இந்த நிலை என்றால், தன் பெயரே பேசுபொருளாகும் ஒரு சிறுபான்மைக்கு நெஞ்சு படபடப்பது ஈமானின் பலவீனம் ஆகாது. மனிதனின் இயல்பு அது. "தவக்குல் இல்லை, அதனால்தான் பயம்" என்று ஒரே வரியில் அடக்கிவிடும் அறிவுரையாளர்களிடம் நமக்கு உடன்பாடு இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன மார்க்கம் இது. வாக்களிப்பது கட்டுவது. கட்டிய பின்பும் ஒட்டகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும் மனத்துக்கு என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

அதற்கு நாம் கண்ட விடை எளியது. கேட்பவர்களுக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். நண்பர்களோடு உட்கார்ந்து பேசுவதும், பேச்சினிடையே வாய்விட்டுச் சிரிப்பதுமே அது.

ஸஹீஹ் முஸ்லிமில் ஜாபிர் பின் ஸமுரா (ரலி) அறிவிக்கும் செய்தி ஒன்று உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சுப்ஹுத் தொழுத இடத்திலேயே சூரியன் உதிக்கும் வரை அமர்ந்திருப்பார்கள். தோழர்கள் சுற்றியிருந்து பேசிக்கொண்டிருப்பார்கள். பேச்சு அறியாமைக் காலத்து நாள்களுக்குப் போகும். அவற்றை நினைத்து அவர்கள் சிரிப்பார்கள், நபியவர்கள் புன்னகைப்பார்கள். இச்செய்தியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அங்கே அமர்ந்திருந்தவர்கள் யார் என்பதை எண்ணிப் பார்த்தோமா? ஊரை விட்டு விரட்டப்பட்டவர்கள், சொத்தை இழந்தவர்கள், உறவினரைப் போரில் பறிகொடுத்தவர்கள். அடுத்த படையெடுப்பு எப்போது என்று அறியாமல் வாழ்ந்தவர்கள். அவர்களுக்குச் சிரிப்பு இருந்தது. அதுவும் பள்ளிவாசலில், தொழுகை முடிந்த கையோடு. அவர்கள் சிரித்தது பிறரைப் பார்த்து அன்று. தாம் முன்பு இருந்த நிலையைப் பார்த்து.

ஸுஹைப் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியும் நமக்குப் பிடித்தமானது; இப்னு மாஜாவில் இடம்பெறுகிறது. கண் வலியோடு வந்தவர் பேரீச்சம்பழத்தைச் சுவைத்துக்கொண்டிருந்தார். கண் வலிக்கும்போது பேரீச்சம்பழமா என்று நபியவர்கள் கேட்க, வலி இல்லாத பக்கத்தால் மெல்லுகிறேன் என்றார் அவர். நபியவர்கள் புன்னகைத்தார்கள். கண் வலி அதனால் போய்விடவில்லை. வலி இல்லாத பக்கம் ஒன்று இன்னும் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

செஞ்சிக் கடைவீதியின் தேநீர்க் கடைகளில் அந்த 46 நாள்களும் நடந்தது ஏறக்குறைய இதுவே. மாலையில் அஸர் தொழுதுவிட்டு வருபவர்கள், பள்ளிக்கூடத்தில் பணி முடிந்து வருபவர்கள், நெல் விற்க ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வந்து சாக்குகளுக்குக் காவல் இருப்பவர்கள் என்று ஏழெட்டுப் பேர் சேர்வார்கள். ஒருவர் நாற்பத்தாறு நாளா என்று பெருமூச்சு விட, வயதில் மூத்த நண்பர் ராஜகிரியைக் கைகாட்டினார். "ஜுல்பிகார்கான் இந்த மலையடியில எட்டு வருசம் காத்துக் கிடந்தான் பாய். அவன்கிட்ட போன் கூட இல்ல. நமக்கு நாற்பத்தாறு நாள் தாங்கலையா?" 1690இல் தொடங்கி 1698இல் முடிந்த முகலாயர் முற்றுகையைத்தான் அவர் சொன்னார். எல்லாரும் சிரித்தனர். மலை அதே இடத்தில் நின்றது. அன்று முதல் "முற்றுகை எத்தனாவது நாள்?" என்பதே அங்கே நலம் விசாரிக்கும் வழக்கமாயிற்று. நாள்களை எண்ணிக் கலங்கியவர்கள் அதே எண்ணைச் சொல்லிச் சிரிக்கத் தொடங்கினர்.

வாக்குப்பதிவு நாளிலேயே வேறொரு கவலை முளைத்தது. விரல் மையோடு உளூ கூடுமா? மைசூரு வண்ணப்பூச்சு நிறுவனத்தில் தயாராகி, 1962 பொதுத்தேர்தல் முதல் நம் விரல்களில் ஏறிவரும் இந்த மையில் வெள்ளி நைட்ரேட் உள்ளது. அது தோலின் நிறத்தையே மாற்றுவது. நகப்பூச்சுப் போல மேலே படிந்து தண்ணீரைத் தடுக்கும் படலம் அன்று. எனவே மருதாணிக் கறை போன்றதே இது, உளூவுக்குத் தடையில்லை என்று ஆலிம்கள் விளக்குகின்றனர். கேட்டவர் மனம் தெளிந்தது. ஆனால் பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. "மை ஒரு மாசம் நிக்கும். வாக்குறுதிதான் முதல் உளூவுலயே கழுவிக்கிட்டுப் போயிடும்." இதைச் சொன்னவர் ஒரு கட்சியின் வட்டப் பொறுப்பாளர் என்பதுதான் அதன் சுவை.

ஆட்டு வணிகம் செய்யும் நம்மவர்களுக்கு அந்தப் பெருநாள் காலம் உண்மையிலேயே கடினமானது. வெள்ளிக்கிழமைச் சந்தையில் கைமாறுவதெல்லாம் ரொக்கம். தேர்தல் நடத்தை விதிகள் நடப்பில் இருக்கும்போது 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமின்றி எடுத்துச் சென்றால் பறக்கும் படை பிடித்து வைத்துக்கொள்ளும். ஆடு விற்பவர் எங்கே ரசீது தருகிறார்? வருமானம் போயிற்றே என்று ஒருவர் வாடி உட்கார்ந்திருக்க, நண்பர் யோசனை சொன்னார்: "பணமா கொண்டு போகாதீங்க, ஆடாவே கொண்டு போங்க. அம்பதாயிரத்துக்கு மேல ஆடு வச்சிருந்தா பிடிக்கச் சொல்லி இன்னும் சட்டம் வரல." சிரித்து முடித்த பிறகு அதே நண்பர்தான் வங்கியில் பணம் எடுத்த சீட்டை எப்படிக் காட்டுவது, பிடிபட்ட பணத்தை மீட்க எங்கே முறையிடுவது என்பதையெல்லாம் விசாரித்து வந்தார். நகைச்சுவை வேலையைத் தட்டிக் கழிப்பதற்கான வழி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அழுது கொண்டிருந்தவரிடம் முன்பு யாரும் இந்த விவரத்தைச் சொல்லவில்லை. சிரித்தபோதுதான் பேச்சு அவிழ்ந்தது.

அண்மையில் நடந்த வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் இதை இன்னும் தெளிவாகக் கண்டோம். 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய அந்தப் பணிக்காக, 2002, 2005 ஆண்டுகளின் பழைய பட்டியல்களில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ ஒவ்வொரு குடும்பமும் தேட வேண்டியிருந்தது. நம் பெயர்களை அறிந்தவர்களுக்கு இதன் சிக்கல் புரியும். ஒரு பட்டியலில் ஷேக் தாவூத், இன்னொன்றில் சேக்தாவுது, ஆதாரில் ஷெய்க் தாவுத். பாத்திமா பீ ஒரு தாளில் பாத்திமா பீவி, மறு தாளில் பாத்திமா பேகம். இந்த எழுத்துப் பிழைகளுக்குப் பின்னால் குடியுரிமை குறித்த பழைய அச்சம் நின்றது. பாட்டிமார் தலையணைக்கடியில் குடும்ப அட்டையை வைத்துக்கொண்டு உறங்கினர். பள்ளிவாசலின் வெளித்திண்ணையில் படிவம் நிரப்பித் தர இளைஞர்கள் உட்கார்ந்த முதல் நாள் யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் நாள் ஒருவர் தம் வீட்டுத் தாள்களை விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதன்படி எங்க வீட்டுல யாரும் யாருக்கும் சொந்தமில்ல. நல்லதாப் போச்சு, பாகப் பிரிவினைத் தகராறு தீர்ந்துச்சு." திண்ணை முழுவதும் சிரிப்பு. பிறகு ஒவ்வொருவராகத் தம் வீட்டுப் பெயர்க் குழப்பத்தை எடுத்து வைத்தனர். அதுவரை வெட்கத்தால் மறைத்து வைத்திருந்தவை அவை. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுவதும் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தோர், இடம் பெயர்ந்தோர், இரட்டைப் பதிவு என்று காரணம் கூறப்பட்டது. விடுபட்ட தகுதியுள்ளவர்கள் படிவம் 6 கொடுக்க வேண்டியிருந்தது. திண்ணையில் சிரித்தவர்கள், யார் வீட்டில் எந்தப் பெயர் விடுபட்டது என்று அறிந்தவர்களாக இருந்தனர். தனித்தனியே அஞ்சிக்கொண்டிருந்தால் அது தெரிந்திருக்காது.

இதற்கு இரு தரப்பிலிருந்தும் மறுப்பு வருவதை நாம் அறிவோம். அதிகச் சிரிப்பு உள்ளத்தைச் சாகடிக்கும் என்ற நபிமொழியைப் பெரியவர்கள் நினைவூட்டுவர். திர்மிதியில் உள்ள எச்சரிக்கை அது; நாம் தலைமேல் கொள்கிறோம். அங்கே தடுக்கப்பட்டது மிகுதி. சொன்னவர்களே புன்னகை மாறாத முகம் உடையவர்கள். வேடிக்கையாகப் பேசும்போதும் உண்மையையே பேசியவர்கள். இன்னொரு தரப்பினர் நம் இளைஞர்கள். வீடுகள் இடிக்கப்படும் காலத்தில் என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது என்பார்கள். அவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அடிபட்டவனின் காயத்தைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் உரிமையில்லை. அங்கே தேவை துஆவும் வழக்கறிஞரும். நாம் சிரிக்கச் சொல்வது நம் நெஞ்சில் உட்கார்ந்து இல்லாததையும் பெருக்கிக் காட்டும் அச்சத்தைப் பார்த்து. இரண்டும் வேறு வேறு.

எல்லை எது என்பதை ஸூரத்துல் ஹுஜுராத் தெளிவாக வகுத்திருக்கிறது. அந்த அத்தியாயத்தைத் தேர்தல் காலத்துக்கென்றே ஒருமுறை ஓதிப் பார்க்க வேண்டும். செய்தி வந்தால் விசாரித்துத் தெளியச் சொல்கிறது ஆறாம் வசனம். ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தை ஏளனம் செய்வதையும், பட்டப்பெயர் சூட்டுவதையும் பதினோராவது வசனம் தடுக்கிறது. ஊகத்தையும் புறம் பேசுவதையும் அடுத்த வசனம். வாட்ஸ்அப் குழுக்களில் உலவும் 'நகைச்சுவை'களை இந்த மூன்று வசனங்களின் வழியே சலித்தால் எத்தனை மிஞ்சும்? வேட்பாளரின் உடலை, வேட்பாளரின் மனைவியை, எதிர்க்கட்சித் தொண்டனின் சாதியைக் கேலி செய்து வருபவை பெரும்பாலும் சலிக்கும்போதே விழுந்துவிடும். மக்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் சொல்பவனுக்குக் கேடு என்ற எச்சரிக்கையும் நபிமொழியில் வந்திருக்கிறது. அதிகாரத்தில் இருப்பவரின் செயலை நோக்கிய கிண்டல் வேறு. அதற்குத் தமிழ்நாட்டில் நல்ல மரபு உண்டு. 1987இல் ஆனந்த விகடன் தன் அட்டையில் சட்டமன்ற உறுப்பினரையும் அமைச்சரையும் பற்றி ஒரு துணுக்குப் போட்டதற்காக, அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டப்பேரவை மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. எதிர்ப்பு வலுக்கவே சில நாள்களில் அவர் விடுவிக்கப்பட்டார். ஒரு துணுக்கு அத்தனை பெரிய அவையையே பதற வைத்தது என்றால், பதற்றம் ஆள்பவருக்கும் உண்டு என்பது நமக்கு ஆறுதலான செய்தியே.

இதுவரை சொன்னவை ஆண்களுக்குத் தேநீர்க் கடையும் திண்ணையும் இருப்பதால் நடந்தவை. வீட்டில் இருக்கும் பெண்களுக்கு அந்த வாய்ப்பு எங்கே? தொலைக்காட்சி அங்கேதான் நாள் முழுவதும் அலறுகிறது. பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியவர்களும் அவர்களே. "நம்மள ஊரை விட்டு அனுப்பிடுவாங்களாம்மா?" என்று ஏழு வயதுக் குழந்தை கேட்டால் அந்தத் தாய் தன் அச்சத்தை எங்கே இறக்கி வைப்பாள்? கணவர் கடையில் சிரித்துத் தீர்த்துவிட்டு வந்து, வீட்டில் செய்தி அலைவரிசையைச் சத்தமாக வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்து உட்கார்ந்தால், வெளியில் தீர்த்ததை வீட்டில் மீண்டும் ஏற்றி வைத்தவராகிறார். சிரிப்பையும் வீட்டுக்குக் கொண்டு வர வேண்டும். அசருக்குப் பின் பக்கத்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து உட்காரும் பழக்கம் நம் முஹல்லாக்களில் முன்பு இருந்தது. தொடர்கள் வந்த பின் தேய்ந்தது. அந்த அவையில் உருதும் தமிழும் கலந்து வரும் கிண்டலுக்கு ஈடு எந்தத் தேநீர்க் கடையிலும் இல்லை. அதைத் திரும்பக் கொண்டு வருவது எந்த மனநல மருத்துவரிடமும் பணம் கட்டாமல் கிடைக்கும் மருந்து. உறக்கமே போய், மார்பு அடைத்து, நாள்கணக்கில் அழுகை நிற்காதவர்களுக்கு மருத்துவர் கட்டாயம் தேவை என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி, நாம் முதன்மையாகச் சொல்ல வந்தது. நம்மவர்களோடு மட்டும் சேர்ந்து சிரித்தால் அது பாதி மருந்தே. தேர்தல் காலத்தில் நமக்கு நேரும் பெரிய இழப்பு, சமயம் வேறான நண்பர்களிடம் பேச்சைக் குறைத்துக்கொள்வது. அவர் யாருக்கு வாக்களித்தாரோ, மனத்தில் என்ன வைத்திருக்கிறாரோ என்ற ஐயம். அவருக்கும் நம்மைப் பற்றி அதே ஐயம். இருவரும் மரியாதையாக விலகி நடக்கிறோம். அந்த இடைவெளியில் கைப்பேசி பேசுகிறது.

நாம் அறிந்த இருவர் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒருவர் கடை வைத்திருக்கும் நம் சகோதரர், மற்றவர் ஓய்வு பெற்ற இந்து ஆசிரியர். வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியர் ஒரு காணொளியை அனுப்பினார். நம்மைப் பற்றிய அருவருப்பான பொய் அதில் இருந்தது. சகோதரர் ஒரு சொல்லும் எழுதாமல் குழுவை விட்டு வெளியேறினார். முப்பது ஆண்டு நட்பு. அடுத்த ஏழு மாதம் எதிரெதிரே வந்தாலும் வண்டியை நிறுத்தவில்லை. பிறகு ஒருநாள் ஆசிரியர் கடை வாசலில் வந்து நின்றார். "குரூப்ல இருந்து போயிட்டீங்க. கடன் நோட்டுல இருந்தும் என்னைத் தூக்கிட்டீங்களா பாய்?" சகோதரர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "அதுல நீங்கதானே அட்மின் சார்." இருவரும் சிரித்தனர். பின்னர் பேசினர், நெடுநேரம், குரல் உயர்ந்தும் பேசினர். முழுவதும் பார்க்காமல் அனுப்பியதாக ஆசிரியர் ஒப்புக்கொண்டார். அவருடைய வேறு சில கருத்துகள் இன்றும் மாறவில்லை. சகோதரர் அந்தக் குழுவில் மீண்டும் சேரவும் இல்லை. ஆனால் வாக்காளர் படிவத்துக்கு 2002 பட்டியலில் சகோதரரின் அத்தா பெயரைப் பாகம் பாகமாகத் தேடிக் கண்டுபிடித்துத் தந்தவர் அந்த ஆசிரியர்தான். வெறுப்புப் பேச்சைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறோம் என்று யாரும் கொள்ள வேண்டாம். அதை நேரில், முகம் பார்த்து, தேநீர்க் குவளையை நடுவில் வைத்துக்கொண்டு கேளுங்கள் என்கிறோம். திரையில் கேட்டால் வெறுப்பு வளரும்.

செஞ்சியில் பிறந்தவர்களுக்கு இது புதிய பாடமும் அன்று. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானை எதிர்த்துப் போரிட்டு மாண்டான் இளைஞன் தேசிங்கு. அவனோடு நின்று உயிர் கொடுத்தவன் அவன் நண்பன் மகபத்கான். திருமணக் கோலத்தில் இருந்தவன், செய்தி கேட்டதும் எழுந்து போர்க்களத்துக்கு வந்தான் என்று கதைப்பாடல் சொல்லும். எதிரியும் முஸ்லிம், உயிர்த் தோழனும் முஸ்லிம். இந்தக் கதையை இரு சமயங்களின் சண்டையாக மாற்ற முயல்பவர் மகபத்கானை என்ன செய்வது என்று தெரியாமல் தடுமாறுவார். வென்ற நவாபின் பெயரால் 1717-18 அளவில் எழுந்த பள்ளிவாசல் கோட்டைக்குள் இருக்கிறது. வேங்கடரமணர் கோயிலும் இருக்கிறது. 2025 ஜூலையில் இக்கோட்டை மராட்டியரின் படைத்தளங்களுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் இடம்பெற்றது. தோற்ற ராஜபுத்திரனையும் அவன் முஸ்லிம் தோழனையும் தெருக்கூத்தில் பாடி வைத்துக்கொண்டவர்கள் இவ்வூர் மக்கள். அண்மைக் காலத்திலும் 2016, 2021 தேர்தல்களில் இத்தொகுதி மக்கள் செஞ்சி கே.எஸ். மஸ்தானைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினர். அவருடைய கட்சியை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் முஸ்லிம்கள் சிறு பங்கே உள்ள தொகுதியில் அந்த வாக்குகளை அளித்தவர்களில் பெரும்பாலோர் யார் என்பதை, இரவில் உறக்கம் வராதபோது நினைத்துப் பார்க்கலாம்.

வாக்கு எண்ணும் நாளுக்கு ஒரு யோசனை. காலை எட்டு மணிக்கு முதலில் அஞ்சல் வாக்குகளை எண்ணுவார்கள்; அரை மணி நேரம் கழித்தே இயந்திரங்கள். முதல் சில சுற்றுகளின் முன்னிலை பிற்பகலில் தலைகீழாவது வழக்கம். எனவே லுஹருக்கு முன் யாரும் தனியாகத் தொலைக்காட்சி முன் உட்கார வேண்டாம். உட்காருவதானால் நண்பர்களோடு, அதிலும் வேறு கட்சி நண்பர் ஒருவராவது உடனிருக்க உட்காருங்கள். சென்ற முறை நம் தேநீர்க் கடையில், தோற்ற கட்சிக்காரர் எல்லாருக்கும் தேநீர் வாங்கித் தர வேண்டும் என்று பேசி முடித்திருந்தார்கள். ஹஜ்ரத் கேள்விப்பட்டு, பந்தயம் கட்டுவது ஹராம் என்றார். நெடிய ஆலோசனைக்குப் பின் விதி மாற்றப்பட்டது: வென்றவர் மகிழ்ச்சியில் அன்பளிப்பாக வாங்கித் தரலாம், தோற்றவர் ஆறுதலுக்காகத் தாமே வாங்கித் தரலாம், கட்டாயம் ஏதுமில்லை. அன்றைய தேநீருக்கு இன்று வரை யாரும் காசு தரவில்லை என்கிறார் கடைக்காரர்.